பத்தடி வரை அனுமதி

ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தூக்கி நடுத்தெருவில் வைத்துவிட்டு, விசிறிக்கு அடியில் காலாட்டிக்கொண்டிருக்கும் புண்ணியவானே, உம்மைத்தான்! அந்தக் கோட்டைப் போட்டது உம் கைதானே?

நில அளவை அலுவலகத்தின் புதிய வரைபடப்படி, பழைய கதவு வியாபாரியின் சமையலறை தெருவுக்கு நடுவே இருந்தது. "பொதுப்பாதையை மறித்து நிற்கும் மேற்படி சமையலறை ஏழு தினங்களுக்குள் இடித்து அகற்றப்படும்" என்று வாசற்கதவில் தாள் ஒட்டினார்கள். ஒட்டியவர் தெருவில் நின்றுதான் ஒட்டினார். அங்கிருந்து சமையலறைக்குப் போக மூன்று அறைகளைத் தாண்ட வேண்டும் என்பது அவர் கவனத்துக்கு வரவில்லை.

வியாபாரி கொதித்துப் போனார். உளுத்த கதவைத் தேக்கு விலைக்குத் தள்ளிவிட்டே தலையெடுத்தவர், அவரிடமே விளையாட்டா? அடுத்த வீட்டுத் தையற்காரரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு அலுவலகம் போனார்.

"இது தப்புங்க."

அலுவலர் பதறிவிட்டார். "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க. போன வருஷத்திலேருந்து இங்க தப்பே கிடையாது."

"ஏன், திருந்திட்டீங்களா?"

"சுற்றறிக்கை வந்துடுச்சு."

சுற்றறிக்கை சொன்னதும் நியாயம்தான். தவறு என்று எழுதினால் செய்தவர் யார் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் நாற்காலிகள் காலியாகும். ஆகவே பொதுநலன் கருதி, இனி எல்லாம் 'துல்லியக் குறைவு'. அது மழை மாதிரி தானாகப் பெய்யும், பெய்தவர் என்று யாரும் இல்லை. ஓராண்டாகத் தவறே நிகழாததற்குக் கேடயம்கூடக் கிடைத்திருந்தது. அதில் பொறித்திருந்த ஆண்டு மட்டும் வேறு ஏதோ ஆண்டாக இருந்தது.

"சரி, பிசகுன்னு போடுங்க."

"பிசகினவன் யாருன்னு கேப்பாங்க."

"கோளாறு?"

"அதுக்கு மெஷின் வேணும். எங்ககிட்ட மெஷினே கிடையாதே!"

தையற்காரருக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரு விரற்கடை கூட வெட்டினா சட்டைக்காரன் என் கழுத்தைப் பிடிக்கிறான். உங்களுக்கு மட்டும் இப்படியொரு சொல்லா?"

அலுவலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேனாவைத் திறந்தார். "துல்லியக் குறைவுன்னு எழுதித் தரேன். எத்தனை அடின்னு குறிக்கணும். நாலு போடட்டுமா?"

பேரம் என்றதும் வியாபாரிக்கு வந்த வேலை மறந்துபோயிற்று. "நாலா! இருபது போடுங்க."

"ஆறு."

"பதினஞ்சு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படி ஆகாது."

"பத்து. ரெண்டு பக்கமும் பத்து. போதுமா?"

நாலைப் பத்தாக்கிய மிதப்பில் வியாபாரி வீடு திரும்பினார். எதற்குப் பத்து என்று அவரும் கேட்கவில்லை, தையற்காரரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வையாளர் உத்தரவை உரக்கப் படித்தார்: "சமையலறை ஒன்று அகற்றப்பட வேண்டும். இருபுறமும் பத்தடி வரை துல்லியக் குறைவு அனுமதிக்கப்படுகிறது."

வியாபாரியின் வீட்டுப் பின்பக்கம் பழைய கதவுகளின் அடுக்கு வழியை அடைத்திருந்தது. தையற்காரர் வீட்டுப் பக்கம் வழி தாராளம். அவர் சமையலறையும் பத்தடிக்குள்தான் இருந்தது. கடப்பாரை இறங்கியது.

தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க! இது தப்புதானே?"

மேற்பார்வையாளர் வியாபாரியைப் பார்த்தார். "தப்புன்னா சொல்லுங்க. இதை நிறுத்திட்டு உங்க வீட்டுக்கு வந்துடறோம்."

உள்ளே மனைவி ஏற்றிய உலை தளதளவென்று கொதிக்கும் சத்தம் வியாபாரிக்குக் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்புன்னு சொல்ல முடியாது தம்பி... கொஞ்சம் துல்லியம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

இப்போது தையற்காரர் மனைவி ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாக வெட்டவெளியில் சமைக்கிறாள். வியாபாரி அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

ஐயா அதிகாரி, இன்னும் பத்துக் கேடயம் வாங்கிக்கொள்ளும். நடந்ததற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும். முதலில் வந்து அந்தச் சுவரைக் கட்டிக்கொடும்!