தூங்காமணி தூங்கிய நாள்

எங்கள் பக்கத்து ஊர்களில் தூங்காமணி கண் மூடிப் பார்த்தவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. சம்பா அறுவடைக்கு அறுப்பு மெஷின் ஓட்ட ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வருவார். வந்தால் இரவு பகல் கிடையாது. வீட்டில் மனைவி பாய் விரித்தால், அதைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு வண்டிக்கு கிரீஸ் வைக்கப் போய்விடுவாராம்.

“தூக்கம் ஒரு பழக்கந்தாண்ணே. வெத்தலை பாக்கு மாதிரி. விடணும்னு நெனச்சா விட்டுடலாம்” என்பார்.

கொட்டாவி வந்தால்கூட அதைத் தும்மலாக மாற்றிவிடும் வித்தை தெரிந்தவர். எதிரில் யாராவது கொட்டாவி விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களுக்கு அதெல்லாம் வேடிக்கை. மழைக்கு முன் நெல் வீடு வந்து சேர்ந்தால் சரி.

இரண்டு வருடத்துக்கு முன் என் வயலுக்கு வந்தபோது, அவர் தொடர்ந்து மூன்று நாளாக மெஷினில் இருந்தார். கண் செக்கச்செவேல் என்றிருந்தது. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. நான் அரை மணிக்கு ஒருமுறை டீயோடு வரப்பில் நின்றேன்.

“தம்பி, மழை வந்துடும்பா. இன்னிக்கு முடிச்சுக் குடுத்துடு.”

“நான் என்னா தூங்கவா போறேன்? போங்கண்ணே.”

மெஷின் எட்டாத மூலைக் கதிர்களை என் மனைவி செல்வி அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தாள். மெஷின் அவளை நோக்கி வந்தது. எப்போதும் திரும்பும் இடத்தில் திரும்பவில்லை. கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சேற்றில் விழுந்தோம். மெஷின் எங்களைத் தாண்டி, வரப்பில் ஏறி, வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. இன்ஜின் அணைந்தது.

ஏறிப் பார்த்தேன். மணியின் கண்கள் திறந்தபடியேதான் இருந்தன. ஆள்தான் அங்கே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும் விழித்தார். செல்வியைப் பார்த்தார். இறங்கி வந்து, சேறு என்றும் பாராமல் அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணி, நான் தூங்கிட்டேன்.”

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அவரு தூங்காம இருந்ததுக்கு டீ ஊத்துனது நீங்கதானே?”



அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பாய் போட்டாள். அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். சாயங்காலம் மழை கொட்டியது. அறுக்காமல் கிடந்த கதிர் அத்தனையும் தண்ணீரில் சாய்ந்ததை வாசலில் நின்று பார்த்தேன். எழுப்பலாமா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் எழுந்தார்.

“மணி என்னாண்ணே?”

“பன்னெண்டு.”

“நேத்தா, இன்னிக்கா?”

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“உடம்பு கேட்டுக்கிட்டேதாண்ணே இருந்திருக்கு. நாந்தான் குடுக்காம ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

இப்போது அவர் வயலில் இறங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்: “ராத்திரி ஒம்போது மணிக்கு வண்டி நிக்கும். மேகம் இருந்தாலும் நிக்கும்.” அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு வேறு மெஷினைத் தேடிப் போனவர்கள் உண்டு. எங்கள் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை.

இந்தத் தை மாதம் ஒரு நாள், இரவு பத்து மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர் எனக்குப் போன் செய்தார். “தூறல் போடுதுங்க. மணி அங்க இருக்காரா? கொஞ்சம் எழுப்பி விடுங்களேன்.”

கூடத்துக் குறட்டை கேட்காதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.

“இங்க இல்லீங்களே” என்றேன்.