பின்னறையை நான் மீட்ட விதம்

எங்கள் வீட்டுப் பின்னறையை மீட்டே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். அறிவித்திருந்தால் வாய் கொப்பளிப்பதற்குள் தோற்றிருப்பேன்.

பின்னறையைப் பிடித்து வைத்திருப்பவை என் மனைவி தைத்த ஒட்டுப்போர்வைகள். துணித் துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பஞ்சைப் பரப்பி, அதற்கும் அடியில் இன்னொரு துணி வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே தைப்பாள். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அலமாரி நிறைந்து, கட்டில் நிறைந்து, இப்போது ஜன்னல் திட்டிலும் ஏறிவிட்டன. ஊரில் மற்றவர்கள் பஸ்ஸில் ஒரு துண்டைப் போட்டு ஒரு சீட்டைப் பிடிப்பார்கள். இவள் துண்டு துண்டாகப் போட்டு ஓர் அறையையே பிடித்துவிட்டாள்.

எனக்கு அந்த அறை வேண்டும். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு கதவு. முக்கியமாகக் கதவு.

நேரடியாகக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். ஏற்கெனவே ஒருமுறை நூல் விட்டுப் பார்த்தேன்.

"இங்க பாரு, இதையெல்லாம் கொஞ்சம் குறைச்சா என்ன?"

"எதை? உங்க தொப்பையையா?"

பேச்சுவார்த்தை முறிந்தது. போர்வை என்ற சொல் போரில்தான் ஆரம்பிக்கிறது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே கவனித்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் கணக்கு டீச்சர். பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி. என் மனைவி சேர்ந்திருக்கும் தையல் குழுவின் தலைவி. சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடுவார்கள். இந்த வாரம் என் மனைவியின் முறை. 'நாளை உங்கள் போர்வைகளை எங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்' என்று டீச்சர் போனில் செய்தி அனுப்பியிருந்தார்.

பகிர்ந்துகொள்வது என்றால் விரித்துக் காட்டுவது, தைத்த கதையைச் சொல்வது, மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது. அது அவர்கள் அகராதி. என் அகராதியில் பகிர்வது என்றால் பங்கு போடுவது.

மதில் சுவர் ஓரமாகப் போய் டிரைவிங் ஸ்கூல்காரரிடம் திட்டத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு மேடையில நான்தான் பேசப்போறேன். பேச்சு முடியும்போது, யாருக்கு எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கோங்கன்னு அறிவிச்சுடுவேன். அத்தனை பேர் முன்னால அவளால மறுக்க முடியுமா?"

"சார், பிரேக்ல காலை வெச்சுக்கிட்டே போங்க."

"நான் யாரு? குழாய் வாங்க வந்தவர் தலையில குளியல் தொட்டியைக் கட்டினவன்!"

அது உண்மை. குளியலறைச் சாமான் கடையில் நான் மேற்பார்வையாளன். அந்தத் தொட்டியை வைக்க அந்த மனிதர் வீட்டில் ஒரு சுவரை இடித்தார் என்று கேள்வி.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன்.

"நாளைக்கு நீ பேச வேண்டாம். உனக்குத் தொண்டை கட்டிக்கும். நான் பேசறேன்."

"நல்லதுங்க."

"எல்லாப் போர்வையையும் கொண்டுபோயிடலாம். ஒண்ணு விடக்கூடாது."

"எல்லாத்தையுமா?"

"அரைகுறையாக் காட்டினா உன் திறமை எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான்."

வழக்கமாக அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னம்பிக்கை கால் நீட்டிப் படுத்திருந்தது. சந்தேகம் உட்கார இடமில்லை.

ஆனால் வேலை வாங்கினாள். காலையில் ஒவ்வொன்றையும் உதறி வெயிலில் போட்டேன். ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியை ஈரக் கையால் தடவி எடுத்தேன். நீட்டிக்கொண்டிருந்த நூல்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கினேன்.

"ஏங்க, அது நூல் இல்ல, தையல்!"

"தெரியும், தெரியும்."

"தெரிஞ்சா வெட்டுவீங்க?"

அவள் அந்த இடத்தைத் திரும்பத் தைத்தாள். மடித்த போர்வைகளை நான் மூட்டை மூட்டையாகச் சுமந்து டிரைவிங் ஸ்கூல் காரில் ஏற்றினேன். காலியான பின்னறையை வாசலில் நின்று ஒருமுறை பார்த்தேன். சாய்வு நாற்காலியை எந்த மூலையில் போடுவது என்பதுகூட முடிவாகிவிட்டது. படிக்க ஒரு புத்தகம் எடுத்துவைக்கலாம் என்று பார்த்தால் கண்ணாடியைக் காணவில்லை. வெற்றி வீரனுக்குக் கண்ணாடி எதற்கு என்று கிளம்பிவிட்டேன்.

நூலக மாடியில் கயிறு கட்டி, என் மனைவி தன் கையால் கட்டிய ஒரு மூட்டையைத் தவிர எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். நான் பேசினேன். இதுவரை அப்படிப் பேசியதில்லை. "கலை என்பது அலமாரியில் பூட்டி வைக்கவா? குளிரில் ஒருவர் நடுங்க, இன்னொருவர் வீட்டில் போர்வைகள் தூங்குவதா?" பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானே லேசாக நெகிழ்ந்தேன். அந்தச் சூட்டோடு அறிவித்தேன்: "யாருக்கு எது பிடிக்கிறதோ, எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் அன்பளிப்பு!"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்து நானும் பார்த்தேன்.

"எடுத்துக்கோங்க. அவர் மனசாரச் சொல்றார்," என்றாள்.

கயிறுகள் காலியாக ஆரம்பித்தன. வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. கணக்கு டீச்சர் மட்டும் கடைசிவரை பொறுமையாக நின்று, ஓரத்தில் கிடந்த அந்த மூட்டையைப் பிரித்து, ஒரு நீலப் போர்வையை எடுத்து விரித்தார்.

மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

அது என் போர்வை. நாங்கள் குடித்தனம் ஆரம்பித்த முதல் வீட்டின் ஜன்னல் திரையையும், நான் முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகளையும் வெட்டி அவள் தைத்தது. ஞாயிறு மத்தியானத் தூக்கம் எனக்கு அதற்குள்தான். ஒரு சட்டையின் பாக்கெட்டைக்கூட வெட்டாமல் அப்படியே விட்டிருந்தாள், நான் படுக்கும்போது எதையாவது போட்டுவைக்க. டீச்சர் அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு என் கண்ணாடியை எடுத்தார்.

"அண்ணா, இதுவும் அன்பளிப்போட சேர்ந்ததா?"

"டீச்சர், அது மட்டும் வேண்டாமே..."

"ஏன் அண்ணா? இதுல முக்கோணமெல்லாம் எவ்வளவு துல்லியமா இருக்கு! நான் ஆசைப்பட்டுட்டேன்."

மனைவி பக்கம் திரும்பினேன். "நீயாவது சொல்லேன்!"

"இத்தனை பேர் முன்னால குடுத்த வாக்கு. நான் எப்படிங்க மறுக்க முடியும்?"

அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. மதில் சுவர் ஞாபகம் வந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வேற ஏதாவது கேளுங்க டீச்சர். எதுவானாலும் சரி. அதை மட்டும் விட்டுடுங்க," என்றேன்.

டீச்சர் யோசிப்பது போல் நின்றார். "இந்த ஹாலை மராமத்துக்காக மூடப்போறாங்க. நாங்க உட்கார்ந்து தைக்க ஒரு இடம் வேணும். நல்ல வெளிச்சமா, ஜன்னலோட."

கண்ணாடியை என்னிடம் நீட்டியபடி, "உங்க பின்னறை இப்ப காலிதானே அண்ணா?" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கேட்காதீங்க டீச்சர். போர்வை இருந்தவரைக்கும்தான் அது என் அறை. இப்ப அவரோடது."

தலையை ஆட்டினேன். கைதட்டினார்கள். நீலப் போர்வையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "எல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டீச்சர் ரொம்ப நாளா நம்ம அறையைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போர்வைங்க நிறைஞ்சு கிடக்கேன்னு தட்டிக்கழிச்சுக்கிட்டே வந்தேன். அதுங்களைக் குடுக்கணும்னு ஆசைதான். நானாக் குடுத்தா வாங்கக் கூச்சப்படுவாங்க. எடுத்துச் சொல்ல ஒரு நல்ல பேச்சாளர் வேணும்ல?" பிறகு என் தோளில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். "உண்மையாவே நல்லாப் பேசினீங்க. எனக்கே அழுகை வந்துச்சு."

முன் சீட்டிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரர் திரும்பாமலே சொன்னார். "சார், நானா எதுவும் சொல்லலை. வீட்டுல கேட்டாங்க. பதில் சொன்னேன். அவ்வளவுதான்."

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் பின்னறையில் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. துணித் துண்டுகள் மறுபடி அலமாரியில் ஏற ஆரம்பித்துவிட்டன. இந்த முறை எல்லோருடையதும். எனக்கும் குழுவில் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான்: தட்டினால் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட வேண்டும்.