அந்தக் கட்டடத்துப் பொறுப்பாளர்

திரையில் இரண்டாவது சர்வர் சிவந்ததும் பதிவறைக்காரர் செய்த முதல் காரியம், யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான்.

பார்த்துவிட்டார்கள். இணை இயக்குநர் அம்மாள் கதவருகிலேயே நின்றிருந்தார்.

"என்னது அது சிவப்பா?"

"சும்மா... லேசா சிவந்திருக்கு, மேடம்."

பழைய கோப்புகளோடு பதிவறையில் கிடந்தவரைப் போன மாதம்தான் சர்வர் அறைக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. வேலை எளிது என்றார்கள். சான்றிதழ் கேட்டு இணையத்தில் வரும் ஜனங்களை, எந்த சர்வர் சும்மா இருக்கிறதோ அதனிடம் அனுப்ப ஒரு மென்பொருள் இருக்கிறது, வாசலில் நிற்கும் ஆள் மாதிரி. அந்த வாசல்காரனை மேய்த்தால் போதும். பயிற்சி வகுப்பில் அவருக்கு முழுசாகப் புரிந்தது இடைவேளை ஒன்றுதான்.

இன்று விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஊரே உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு சைட் விழுந்துச்சுன்னா திரும்பவும் பதிவறைதான். நின்னுச்சுன்னா இந்த நாற்காலி உங்களுக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார் அம்மாள்.

மாமியார் வீட்டில் 'கம்ப்யூட்டர் ஆபீசர்' என்று சொல்லியாகிவிட்டது. வாங்கிய சீரைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்த வார்த்தையைத் திருப்பி வாங்க முடியாது. பயிற்சியாளருக்குப் போன் போட்டார்.

"ரெண்டாவதுக்கு பாரம் ஜாஸ்தி சார். கொஞ்சம் குறைச்சு விடுங்க."

குறைத்தார். அவருக்குத் தாராளக் கை, பூஜ்யத்துக்கே இறக்கிவிட்டார். அந்தக் கூட்டமெல்லாம் ஒன்றாவதின் மேலும் மூன்றாவதின் மேலும் சாய்ந்தது; இரண்டாவதோ வாங்கிய பழைய பாரத்தையே இன்னும் செரித்து முடிக்கவில்லை.

"சார், இப்ப மூணும் ஒரே கலர்ல இருக்கு."

"பச்சையா?"

"ஒரே கலர்ல இருக்கு."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "ஹெல்த் செக்னு ஒண்ணு இருக்கு பாருங்க. சர்வரைக் கூப்பிட்டு 'இருக்கியா'ன்னு கேக்கும். பதில் வரலன்னா தானா ஒதுக்கி வெச்சிடும். அதை அடிக்கடி கேக்க விடுங்க."

அடிக்கடி என்றால் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நொடிக்கு நூறு தரம் என்று வைத்தார். மூச்சு முட்டிக் கிடப்பவனைப் பிடித்து 'இருக்கியா, இருக்கியா' என்று உலுக்கினால் என்ன ஆகும்? மூன்றும் வாயை மூடிக்கொண்டன.

"ஒதுக்கிடுச்சு சார்."

"எதை?"

"பாரபட்சமே பார்க்கல சார்."

"ஐயோ! அந்த செக்கை எடுங்க முதல்ல. ரெண்டாவது கட்டடத்துல மாற்று சர்வர் இருக்குமே, எல்லாத்தையும் அங்க தள்ளுங்க!"

தள்ளினார். பாரம் இறங்கியதும் மூன்றும் மெல்லக் கண் விழித்தன. பச்சை, பச்சை, பச்சை. மழை விட்டதுபோல அறை அமைதியானது. எட்டிப் பார்த்த அம்மாள், "பரவாயில்லையே" என்றார். பதிவறைக்காரருக்கு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொடுக்கத் தோன்றியது.

தடவி முடிப்பதற்குள் போன கூட்டம் அப்படியே திரும்பி வந்தது.

"அங்க நிரம்பினா இங்க அனுப்புற மாதிரி செட்டிங் வெச்சிருக்காங்க சார்," என்றார் பயிற்சியாளர். "நீங்க அங்க தள்ள, அது இங்க தள்ள, ஜனங்க நடுவுல ஊஞ்சல் ஆடுறாங்க. அந்தக் கட்டடத்துப் பொறுப்பாளர்தான் மாத்தணும். அவரைப் பிடிங்க."

பிடிக்கப் பார்த்தார். அங்கே மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்க நாதியில்லை. நாலாவது தரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே சைட் விழுந்தது.

அம்மாள் வந்துவிட்டார், பின்னாலேயே தட்டச்சுக்கார அம்மாவும்.

காலையிலிருந்து குழம்பிக் கிடந்தவருக்கு அந்தக் கணத்தில் ஒன்று மட்டும் பளிச்சென்று விளங்கியது: தப்பு தன்மேல் இல்லை.

"நான் என்ன மேடம் பண்றது? அந்தக் கட்டடத்துல ஒரு பொறுப்பாளர் இருக்கார். போன் எடுக்கறதில்ல. செட்டிங்கைத் தொட்டுப் பார்த்த மாதிரியே தெரியல. சீட்டுல ஒரு நாளாவது உக்காந்திருப்பாரான்னே சந்தேகம்!"

"யாரு அந்த ஆளு?"

"தெரியாது மேடம். ஆனா ஆள் சரியில்ல."

அம்மாளின் முகம் இறுகியது. "இவர் இங்க தலைகீழா நிக்கறார், அந்த மகராசன் தூங்கறாரா? அம்மா, அந்தக் கட்டடத்துப் பொறுப்பாளருக்கு மெமோ அடிங்க. நாளையிலேருந்து பதிவறை."

"சரியான இடம் மேடம். ஃபேன்கூட ஓடாது." அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "'கடமை தவறிய'ன்னு போடுங்கம்மா. முன்னாடி 'முற்றிலும்' சேர்த்துக்கோங்க."

பெயருக்கு இடம் விட்டு அடித்த தாளில் அம்மாள் நின்றபடியே கையெழுத்துப் போட்டு, "பேரைக் கேட்டு எழுதி அனுப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டச்சுக்கார அம்மா பேனாவைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தார்.

"அங்க இருந்தவர் ரிட்டயர் ஆனதுலேருந்து கூடுதல் பொறுப்பு நீங்கதானே சார், ஆர்டர் நகலைப் பதிவறைக்கே அனுப்பியிருந்தோமே... உங்களுக்கு இனிஷியல் ஒண்ணா, ரெண்டா?"