ஹெட்போன் வாங்கப்போகிறவர்

பொருள் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்க வழியில்லாமல் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், கையில் காசும் மனசில் ஆசையும் இருந்தும், வருஷக்கணக்காக வாங்கப்போகிறவராகவே காலம் தள்ளும் ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் இருப்பார். கோயமுத்தூர்ப் பக்கம் எங்கள் துடியலூரில் அவர் பெயர் வரதராஜுலு.

கணபதியில் பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். தொழிலில் கெட்டிக்காரர், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, "பேரிங் போச்சுங்க" என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். இருபது வருஷம் இப்படிக் கேட்டதில், தன் காது ஊரார் காது மாதிரி இல்லை என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. அங்கே பிடித்தது சனி.

எண்பத்தொன்பதில் உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. அதில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனைப் பற்றி எட்டுப் பக்கம். அது என்ன என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள், பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். நானே சொல்கிறேன். சாதாரண ஹெட்போனுக்குள் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். இதற்குள் வெங்காயத் தோலைவிட மெல்லிசான ஒரு தாள், இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே கரண்டில் நின்று அதிரும். கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி. ஒலி அவ்வளவு சுத்தமாக இருக்குமாம். விலையும் அதற்குத் தகுந்தாற்போல. அதனால், தாங்குகிற விலையில் முதலில் ஒரு ஜோடி வாங்கிப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது பத்திரிகைக்காரன் சொன்ன புத்திமதி. சொன்னவன் வேறு வேலைக்குப் போயிருப்பான். இவர் நோட்டுப் போட்டார்.

ஆறு வருஷத்தில் மூன்று நோட்டு. சிங்கப்பூர் போகிறவர், துபாயிலிருந்து வருகிறவர், கப்பலில் வேலை பார்க்கிறவரின் மச்சினன் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து விசாரித்து, பச்சை மையில் நிறை, சிவப்பு மையில் குறை. பச்சை மை வாங்கி இரண்டு வருஷமாகிறது, இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. எப்போதுதான் வாங்குவீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்.

"மொத ஜோடிதானுங்களே. அகலக்கால் வெச்சுப்போட்டு அப்பறம் முழிக்கக்கூடாது பாருங்க."

தான் வாங்காதது மட்டுமா? நம்மையும் வாங்கி நிம்மதியாக இருக்க விடமாட்டார். நான் ஒருமுறை சாதாரண ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தேன். மாட்டிக்கொண்டு அரை நிமிஷம் கேட்டார். பிறகு, சாவு வீட்டில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா காத்து இல்லீங்க." என்ன காற்று, எங்கே இல்லை? எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அதை மாட்டும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது.

அவர் எதைச் சோதிப்பதும் ஒரே நாதஸ்வர கேசட்டை வைத்துத்தான். அதிலும் வித்வான் வாசிக்கத் தொடங்குமுன் மூச்சை இழுக்கிற அந்த ஒரு விநாடி மட்டும். கேட்பார், ரீவைண்ட் செய்வார், மறுபடி கேட்பார். மூச்சை இழுத்த அந்த மனிதர் அதற்குப் பிறகு என்ன வாசித்தார் என்று ஆறு வருஷமாகியும் இவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கண் திறந்தார். கோட்டைமேட்டில் ரேடியோ, ஆம்ப்ளிபையர் ரிப்பேர் செய்யும் இல்யாஸ் ஒரு நாள் அட்டைப் பெட்டியோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மச்சான் பயன்படுத்திய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன், கரண்ட் பெட்டியோடு. விலை, வரதராஜுலு தன் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்த தொகைக்குள்ளேயே அடங்கியது.

"ஏனுங்ணா, காரமடையில ஒரு டாக்டரும் கேட்டுட்டு இருக்காருங்க. ஆனா நீங்க ஆறு வருசமா தேடறீங்க. மொதல்ல உங்களுக்குத்தான். ஒரு வாரம் வெச்சுக் கேளுங்க" என்றார் இல்யாஸ்.

ஒரு வாரம் எட்டு வாரமானது.

முதல் நாளே குறை கண்டுபிடித்துவிட்டார். பாட்டு ஓடாதபோது 'உஸ்'ஸென்று மெல்லிய ஒரு சத்தம். எனக்குக் கேட்கவில்லை. "உங்களுக்குக் கேக்காதுங்க" என்றார் இரக்கத்தோடு. வோல்டேஜ்தான் காரணம் என்று பட்டறையிலிருந்து ஸ்டெபிலைசர் வந்தது. சத்தம் போகவில்லை. ஃபிரிட்ஜை அணைத்தார், மே மாத வெயிலில் ஃபேனை அணைத்தார், கடைசியில் கிரைண்டரில் கை வைத்தார். ஊர் ஊருக்குக் கிரைண்டர் செய்து அனுப்புகிற கோயமுத்தூரில், ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடக்கூடாது என்று சட்டம் போட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். அவர் மனைவி வெங்கடம்மாள் பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் வந்துதான் மாவாட்ட வேண்டும். வரதராஜுலு ஹெட்போன் மாட்டுகிற நேரமும் அதுதான். அந்த அம்மாள் எட்டு வாரம் பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்கு அரிசியும் உளுந்தும் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டிப் போனார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கிரைண்டரை நிறுத்தியும் 'உஸ்' நிற்கவில்லை. அடுத்து எர்த் சரியில்லை என்று முடிவானது. மோட்டார்காரர் அல்லவா? வாசலில் ஆறடிக் குழி தோண்டி, எர்த் பைப்பை இறக்கி, அடுப்புக் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடி, காலையில் எழுந்ததும் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அதே வாசலில் துளசி வாடிக் கிடந்தது. குழி வெட்ட என்னையும் கூப்பிட்டார். போனேன். ஏன் போனேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எர்த் குழிக்கு இன்னும் உப்பு வாங்கப் போயிருந்தபோது வெங்கடம்மாள் அந்த ஹெட்போனை மாட்டி, அதே கேசட்டை ஒரு பக்கம் முழுசாகக் கேட்டுவிட்டார். உப்பு மூட்டையோடு வந்தவரிடம் முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்.

"ஏனுங்க, கடைசியில தவுல்காரரு என்னமா வாசிக்கறாருங்க! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அதுல தவுல் வருதா? அது கெடக்கட்டும். உஸ்ஸுனு கேட்டுச்சா?"

"இல்லீங்களே."

"உனக்குக் காது பழகல அம்மணி" என்று சொல்லிவிட்டு உப்பைக் கொட்டப் போனார்.

எட்டாம் வாரம் இல்யாஸ் வந்தார். டாக்டர் அவசரப்படுத்துகிறார், இன்றைக்கு ஆமா, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். வரதராஜுலு குறையை நிரூபிக்கத் தயாரானார். கேசட்டை நிறுத்திவிட்டு, பெட்டி மட்டும் ஓட, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஃபேன் இல்லாமல் எல்லோருக்கும் வியர்த்தது.

"கேக்குதுங்களாண்ணா?"

"கேக்குது."

இல்யாஸ் பூனை மாதிரி நடந்துபோய், எல்லாவற்றுக்கும் கரண்ட் போகிற அந்த ஒரே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"இப்பங்க?"

"அப்படியேதான் நிக்குது. இன்னுங்கூட நல்லாக் கேக்குது."

"கண்ணத் தெறந்து பாருங்ணா."

திறந்தார். இல்யாஸ் கையில் பிளக் தொங்கியது. பெட்டியில் விளக்கு இல்லை. வரதராஜுலு ஹெட்போனைக் கழற்றினார். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்கே பாவமாக இருந்தது. பாவப்பட்டது வீண்.

"பொட்டிக்குள்ள கரண்டு தேங்கி நிக்கும் இல்யாசு. இந்த மாடல்ல அதுதான் கோளாறே. எடுத்துட்டுப் போயிருங்க. அடுத்த மாடல் வரட்டும்."

இல்யாஸ் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் காரமடை டாக்டரு, காது டாக்டருதானுங்க. பட்டறைச் சத்தத்துல இருக்கறவங்களுக்குக் காதுக்குள்ளயே இப்படி ஒரு சத்தம் வருமாம். விட்டா வெரசாக் கூடுமாம். ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

அதுவரை சமையலறைக் கதவில் நின்ற வெங்கடம்மாள் வெளியே வந்தார்.

"இல்யாஸ் தம்பி, அந்தப் பொட்டிய இங்கயே வெச்சுட்டுப் போங்க. நான் எடுத்துக்கறேன். டாக்டருகிட்ட இல்லீன்னு சொல்லிப்போடுங்க."

"என்ன அம்மணி! உஸ்ஸுங்கறதைப் போயி..."

"எனக்குப் பாட்டுதானுங்க கேக்குது."

இப்போது அந்த வீட்டில் சாயங்காலம் கிரைண்டர் ஓடுகிறது. மாவை வழித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டீச்சர் ஒரு கேசட்டை இரண்டு பக்கமும் கேட்கிறார். வரதராஜுலு சும்மா இருக்கவில்லை. நாலாவது நோட்டுப் போட்டிருக்கிறார். கோயமுத்தூரில் காது டாக்டர்கள் எத்தனை பேர், யாரிடம் என்ன மெஷின், பச்சை மையில் நிறை, சிவப்பு மையில் குறை. போன வாரம் கேட்டேன். எட்டு மாதமாகிறது, இன்னும் ஒருவரிடமும் போகவில்லை. சத்தம் முன்னைவிடக் கூடியிருக்கிறதாம்.

"மொத டாக்டருதானுங்களே" என்றார். கேள்வியை நான் இரண்டு தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் ஹெட்போன் தேடுகிறவர் இல்லை. ஆனால் நல்ல மனை அமையட்டும் என்று எத்தனை வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறீர்கள்? பெண்ணுக்கு வந்த எத்தனை வரனில் 'உஸ்' கேட்டுத் திருப்பி அனுப்பினீர்கள்? ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு, உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். பிறகும் குறை கேட்கிறதென்றால், காரமடை டாக்டரின் விலாசம் இல்யாஸிடம் இருக்கிறது. அவரைவிட நல்ல டாக்டர் யாராவது உண்டா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.