இடிக்குப் பிடுங்கிய இரண்டு ஒயர்கள்

இடி இடித்தால் மற்றவர்களுக்குக் காது அடைக்கும். எனக்குக் கை அரிக்கும். டிவி, ஃபிரிட்ஜ், மோடம் என்று எதையாவது பிடுங்கினால்தான் அரிப்பு அடங்கும். (எங்கள் பழைய டிவி ஒரே இடியில் புகை விட்டுச் செத்ததை நேரில் பார்த்தவள் நான். சும்மாவா இருப்பேன்?) அந்தமானில், எங்கள் பாம்பூஃப்ளாட்டில் மழைக்குக் குறைவே இல்லை, அதனால் என் கைக்கும் ஓய்வில்லை. அந்தக் கைதான் ஒருநாள் என் பேத்தி கனியின் வேலையிலும் புகுந்தது.

கனி வீட்டிலிருந்தே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதுதேன் ஆச்சி" என்றாள். டிரைவரை எங்கேயாவது எழுதுவார்களா? என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"நீ சாத்தம் தீவுக்குப் போகணும்னா ஜெட்டியில லைன்ல நின்னு, டிக்கெட் வாங்கி, அவன் சொல்லுத ஃபெர்ரிலதான ஏறணும்? கம்ப்யூட்டர்லயும் எல்லாத் தகவலும் கெர்னல்னு ஒரு பெரிய ஆபீசர் கை வழியாத்தான் போவும். நான் எழுதுதது ரெண்டு தினுசு. ஒண்ணு, அவனைக் கேக்காம நம்ம டிங்கிப் படகுல நாமளே போயிருதது. இன்னொண்ணு, டிங்கி நம்மது, தள்ளிவிட மட்டும் அவன் ஒரு கை குடுப்பான்."

"ஏட்டி, டிக்கெட் இல்லாமப் போறதுக்கா சம்பளம் குடுக்கான்?"

"போ ஆச்சி!"

இதற்காகக் கப்பலில் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்தன. ஒன்று அவள் மேசையில். இன்னொன்று, நிறுத்த மறந்த மிக்ஸி மாதிரி இரைந்தது. அதை அரிசி டின் பக்கத்தில், ஸ்டோர் ரூமுக்கு நாடு கடத்தினேன். (அந்தமானிலேயே இருப்பவர்கள் வேறு எங்கே கடத்துவது?) இரண்டு பெட்டிக்கும் நடுவே மஞ்சள் ஒயர் ஒன்று, நீல ஒயர் ஒன்று. மஞ்சள் தனி டிங்கி. நீலம், ஆபீசர் கை கொடுப்பது.

அன்று மெயின்லேண்டில் இருக்கிற பெரியவர்களுக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காக ஓடினால் இங்கிருந்தே வேலை. இல்லையென்றால் பெங்களூருக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? மகனும் மருமகளும் எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற ரகம்.

"ஆச்சி, இன்னைக்கு ஒண்ணையும் தொடாத."

"நான் ஏன்ட்டி தொடுதேன்?"

மீன் குழம்பு கொதிக்கும்போது இடித்தது பாருங்கள், சட்டி மூடியே எகிறிவிட்டது. அடுத்து என் நினைவில் இருப்பது ஸ்டோர் ரூம். வலது கையில் மஞ்சள், இடது கையில் நீலம். பெட்டியைக் காப்பாற்றிய பெருமையோடு கனியின் அறைக்குப் போனேன்.

"பயப்படாத, புடுங்கிட்டேன்."

கனி அப்படியே கல்லாகிவிட்டாள். அவளுக்கு முன்னால் இருந்த திரையில் வரிசையாக முகங்கள், எல்லாம் என்னையே பார்த்தன. நைட்டி, தலையில் துண்டு, சாரைப்பாம்பு பிடித்தவள் மாதிரி கைக்கொரு ஒயர். ஆபீசர்களிடம் ஹிந்தியில்தான் பேச வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"நமஸ்தே சாப்! பிஜிலி! பிஜிலி!" என்று மின்னலைச் சொல்லிக் கூரையைக் காட்டினேன். ஒயர்களும் கூடவே எழுந்து கும்பிட்டன.

திரையின் ஓரத்தில், எந்த ஒயரில் எவ்வளவு தகவல் போகிறது என்று ஒயருக்கொரு கணக்கு. நீல ஒயரின் கணக்கு சிவந்து நின்றிருந்தது. மஞ்சளோ அனுப்பினேன், அனுப்பினேன் என்று ஏறிக்கொண்டே போனது. ஒயர் என் கையில்!

கனியின் மேலதிகாரி, கண்ணாடி போட்ட தமிழ்க்காரர், முன்னால் குனிந்தார். "கனி, ஒயரே இல்ல. இவ்வளவும் எங்க போகுது?"

அவர் என்னிடம் திரும்பினார். "பாட்டிம்மா, திரும்ப மாட்டிட்டு இன்னொரு தடவை புடுங்குங்களேன்."

"இடி இடிச்சாத்தான் புடுங்குவேன் சாப்."

மீட்டிங் அதோடு முடிந்தது. கனி சோற்றைத் தொடவில்லை. அலமாரி மேலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினாள். சண்டை இழுத்தாலாவது பேசுவாளே என்று, "நீலத்துக்கு ரோஷம் இருக்கு, நின்னுட்டு. ஒன் மஞ்சளுக்கு என்னட்டி கேடு?" என்றேன்.

"நீலத்துக்கு, ஒயர் போச்சுன்னு கெர்னல் சொல்லிரும்! மஞ்சளுக்குச் சொல்ல ஆளு கெடையாது! டிங்கிக்காரனே எட்டிப் பாக்கணும், கடல் இருக்கா இல்லையான்னு! நான் அதைப் பாக்க வைக்கல!" என்று கத்தினாள். கத்தினால் நல்ல அறிகுறி. கத்திய சூட்டோடு மேசையில் உட்கார்ந்தவள், தன் குறையைத் தானே எழுதி அனுப்பி, இன்னொரு வாய்ப்பும் கேட்டு வாங்கி, மஞ்சளுக்கும் எட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள்.

மறுபடி ஓட்டிக் காட்டிய அன்று கண்ணாடிக்காரர் முதலில் கேட்டது, "பாட்டிம்மா எங்க?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. "இடி இல்லையே சாப்" என்றேன்.

அவர் தன் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "இடிச்சிருச்சு!"

போய்ப் பிடுங்கினேன். நீலமும் சிவந்தது, மஞ்சளும் சிவந்தது. கனி ஓடி வந்து, ஒயரும் கையுமாக நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். சூட்கேஸ் அலமாரி மேல் ஏறிவிட்டது.

இப்போது அந்தக் கம்பெனியில் எந்த டிரைவரை வெளியே விடுவதென்றாலும், ஓடும்போதே யாராவது ஒயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பெயர் ஆச்சி டெஸ்ட். என்னைப் பார்த்தே இராத ஹிந்திக்காரப் பையன்கள்கூட "ஆச்சி ஹோ கயா?" (ஆச்சி ஆயாச்சா?) என்று கேட்கிறார்களாம்.

வீட்டிலோ, வானம் லேசாக உறுமினாலே அறைக்குள்ளிருந்து குரல் வரும்: "ஆச்சி, கை!" போலீசிடம் மாட்டிய திருடி மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன். மகனும் மருமகளும் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். கை மேலேதான் இருக்கிறது. தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் டிவி சுவிட்சைக் கால் கட்டைவிரல் அணைப்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.