இடது கைக் காபி

மரியாதை தெரிந்த பெண் என்று பெயர் வாங்க நான் ஒரே ஒரு முறைதான் மெனக்கெட்டேன். இருந்த பெயரும் அன்றோடு போனது.

அப்போது எனக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அதே அசெம்பிளி லைனில் இருந்த குமரனும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்திருந்தோம். அவன் அப்பா ஏகாம்பரம் பென்னலூர்க்காரர். "சாத்தூர்ப் பொண்ணா? பெரியவங்கன்னா மரியாத கீதான்னு நேர்ல பாத்துட்டு சொல்றேன்" என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை குன்றத்தூரில் என் அக்கா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவர் வேண்டாம் என்றால் குமரன் மீறமாட்டான். அது எனக்குத் தெரியும்.

ஆளை அசத்திவிடலாம் என்று கிளம்பினேன். (புத்தி!) அந்த நாட்களில் எனக்கு லினோ அச்சுப் பைத்தியம். ரப்பர் போன்ற தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பது. பழைய வாரப் பத்திரிகை விளம்பரங்களில் ஆளை மாற்றுவதுதான் என் விளையாட்டு. சோப்பு அழகிக்கு ஹெல்மெட் மாட்டுவேன். இந்த முறை ஒரு காபித்தூள் விளம்பரம்: மருமகள் பணிவாகக் காபி நீட்ட, மாமனார் வாங்குகிறார். மருமகளுக்கு என் முகம், கம்பெனிச் சட்டை. மாமனாருக்கு, போட்டோவில் பார்த்த ஏகாம்பரத்தின் மீசை. மற்றதெல்லாம் விளம்பரத்தில் இருந்தபடியே செதுக்கினேன். அச்சில் மீசை மயிர் மயிராக விழுந்திருந்தது. பூரித்துப்போய்ச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

குமரனோடு வந்தவர் உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது நானா?"

"ஆமா மாமா."

எழுந்து கிட்டே போனார்.

"எனக்கு இடது கையால காபி குடுக்குறியே?"

அச்சில் இடமும் வலமும் மாறிவிடும். முதல் நாள் பாடமே அதுதான். நான் மீசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"நானும் இடது கையாலயே வாங்கிக்கினு கீறேன்" என்றார். குமரன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். (வீரன்!) அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

படத்தைக் கழற்றி வலது கையில் பிடித்தபடி, "இல்ல மாமா, அச்சுல போட்டா கை மாறிரும்" என்று உளறினேன். அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, காலியாக இருந்த கையில் காபி டம்ளரைத் திணித்து, "குடுடி" என்றாள்.

நீட்டினேன்.

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. அப்போதுதான் எந்தக் கை என்று பார்த்தேன். மாற்றிப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஏகாம்பரம் படத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் இடது கையை நீட்டி வாங்கிக் குடித்தார்.

"மீசய கரீக்டா போட்டுகீறே. சக்கரதான் கம்மி. நம்ம வூட்டுக்கு வந்தா பாத்துப் போடு."

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்தப் படம் இன்று பென்னலூர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. குமரனோடு சண்டை என்றால் காலைக் காபியை இடது கையால்தான் நீட்டுவேன். வாசலிலிருந்து மாமாவின் குரல் வரும்:

"இன்னாடா, இன்னிக்கி உனக்கு அச்சுக் காபியா?"