இழுத்தால் நீளும் பேண்ட்

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, குடிநீர் வாரியத்தின் மூன்றாம் கோட்ட அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தற்காலிகப் பணியாளர்களுக்கான உடல்தகுதித் தேர்வு மறுநாள் பத்து மணிக்கு வாரிய மருத்துவமனையில் நடக்கும். இருபது முறை முழுதாக உட்கார்ந்து எழ வேண்டும். தேறியவர்கள் நிரந்தரமாக்கப்படுவார்கள்.

அன்று மாலை ஐந்தரைக்கு மீட்டர்காரர் தன் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தார். நான்காவது தடவை உட்கார்ந்தபோது தொடையிடுக்கில் சில்லென்று காற்று பட்டது.

"போச்சு, கிழிஞ்சிருச்சு."

"எங்க?" என்றாள் மனைவி.

"போன வருஷம் எங்க கிழிஞ்சுதோ, அதுக்குப் பக்கத்து வீடு."

பதினோரு வருடமாக வாரியத்தில் தற்காலிகமாகவே இருந்துகொண்டு தெருத்தெருவாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் அவர். மீட்டர்களெல்லாம் தரையோடு தரையாக இருப்பவை. ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்து எழுகிற மனிதருக்கு இருபது ஒரு கணக்கே இல்லை. ஆனால் சென்ற ஆண்டுத் தேர்வுக்குப் புதுப் பருத்திப் பேண்ட் ஒன்றை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனார். ஏழாவது தடவையில் அது பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. கையிலிருந்த ஃபைலால் மறைத்துக்கொண்டு அறையை விட்டு ஓடிவந்தவர், தெருமுனையில்தான் நின்றார். 'முடிக்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

அன்று மாலையே, இழுத்தால் நீளும் துணியில் இந்தப் பேண்டை வாங்கினார். அதற்குப் பிறகு வேறெதையும் அவர் நம்பவில்லை. ஒரு வருடம் விடாமல் போட்டதில் உள்தொடைப் பக்கம் துணி தேய்ந்து கொசுவலையாகி இருந்தது.

"கடை திறந்துதானே இருக்கு. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

"புதுசை நம்பித்தானே மானம் போச்சு? இது எனக்குப் பழகின பேண்ட்."

"பழகினதுதான் இப்போ பல்லை இளிக்குது."

"வர்ற ஜூன்ல எனக்கு நாப்பத்தஞ்சு முடியுதும்மா. அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டாங்க. விளையாடாதே."

மனைவி அதற்குமேல் விளையாடவில்லை. ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

சாதாரண நூலால் இறுக்கித் தைத்தார். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை அது. போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துணி நீண்டது, நூல் நீளவில்லை. தையல் வரிசையாகத் தெறித்தது. இப்போது ஓட்டையில் நான்கு விரலும் நுழைந்தன.

கல்லூரியிலிருந்து வந்த மகள் சொன்னாள்: "அப்பா, இஸ்திரி போட்டா ஒட்டிக்கிற ஒட்டுத்துணி என்கிட்ட இருக்கு. ஊசியே வேணாம்."

ஒட்டுத்துணி ஒட்டியது. இஸ்திரிப் பெட்டியும் ஒட்டியது. பிய்த்து எடுத்தபோது, கறுப்பாகப் பளபளவென்று ஒரு கை அகலத்துக்குத் துணி உருகிப் பெட்டியோடு வந்தது.

"சூட்டைக் குறைச்சு வைக்கணும்னு சொல்ல மறந்துட்டேன்பா."

"நல்லவேளை, மறந்தது ஞாபகம் வந்துச்சே."

மூன்றாவதாகத் தையல் இயந்திரம். மகளின் பழைய உடற்பயிற்சிக் கால்சட்டையிலிருந்து, அதுவும் இழுத்தால் நீளுவதுதான், ஒரு துண்டு வெட்டி வைத்து மீட்டர்காரரே மிதித்தார். பதற்றத்தில் மிதித்தாலும் தையல் நேராக விழுந்தது. எடுத்து உதறிப் பார்த்தார். இடது காலும் வலது காலும் முழங்கால் வரை ஒன்றாகியிருந்தன.

"அப்பா, இதைப் போட்டுக்கிட்டு நடக்க முடியாது. குதிச்சுத்தான் போகணும்."

பிரித்தார்கள். பிரித்த இடமெல்லாம் புதுத் துளைகள். இந்த இழுபறியில் இடுப்பு எலாஸ்டிக்கும் உயிரை விட்டது. போட்டுக்கொண்டு நின்றால் பேண்ட் தானாக இறங்கியது. மீட்டர்காரர் அதை மடியில் போட்டுக்கொண்டு, இறந்துபோன ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை ஆறரைக்கு மனைவி பல் விளக்கும்போதே கண்டுபிடித்தாள்.

"ஏங்க, தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நாம மேசையில வச்சுத் தைக்கறோம். நீங்க போட்டு உக்காரும்போதுதானே அது நீளுது? போட்டுக்கிட்டு உக்காருங்க. நீண்ட இடத்துலேயே அந்தத் துண்டை வச்சுத் தைச்சுடறேன்."

அவர் கூடத்தின் நடுவே குந்தினார். அவள் தரையில் படுத்துக்கொண்டு தைத்தாள். முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை அவர் அலறினார். ஒரு தடவைதான் ஊசி உண்மையாகக் குத்தியது.

"இடுப்பு?"

"அதையும் பிடிச்சாச்சு. ஜட்டியோட சேர்த்துச் சுத்திவர ரெட்டைத் தையல். தொடையிலயும் நாலு இடத்துல பிடிச்சிருக்கேன். இனி பூகம்பமே வந்தாலும் இறங்காது."

அவர் உட்கார்ந்து எழுந்தார். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு, இருபது. ஒரு நூல்கூட அசையவில்லை. முந்தின மாலைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுக்கட்டுமா?" என்றாள் மனைவி.

யோசித்துப் பார்த்துவிட்டு, "வேணாம்," என்றார்.

மருத்துவமனை வராந்தாவில் அவருடைய எண் ஒன்பது. பத்தே முக்காலுக்கு அட்டெண்டர் திரைச்சீலையை விலக்கிக் கூப்பிட்டார்.

"ஒம்பது! உள்ள வாங்க. போட்டிருக்கிற எல்லாத்தையும் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டு, இந்த அங்கியைப் போட்டுக்கங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அங்கியோடதான் டெஸ்ட்."

மீட்டர்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதோட பண்ணக் கூடாதா? நல்லா நீளும்."

"கூடாது சார். வெக்கமா இருந்தா நான் திரும்பிக்கறேன்."

"வெக்கம் இல்லீங்க. தைச்சிருக்கு."

"எது எதோட தைச்சிருக்கு?"

மீட்டர்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார். அட்டெண்டர் இடுப்பைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்தார். பிறகு கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் வெட்டினார். மனைவியின் தையல் எந்த இடத்திலும் விடவில்லை. துணிதான் துண்டு துண்டாக வந்தது. அட்டெண்டர் எல்லாவற்றையும் காலால் தள்ளிக் குப்பைக்கூடைக்குள் சேர்த்தார்.

முழங்கால் வரை தொங்கிய தொளதொள அங்கியில் மீட்டர்காரர் டாக்டர் முன்னால் நின்றார். ஏழு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. இருபதும் முடிந்தது. பதினொன்று பத்துக்குச் சான்றிதழில் கையெழுத்தானது.

டாக்டரிடமிருந்து திரும்பி வந்து, திரைச்சீலைக்குப் பின்னால் அவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கலங்கிய கண்ணோடு அட்டெண்டரைக் கேட்டார்.

"இந்த அங்கி சமாச்சாரத்தை நோட்டீஸ்லயே போட்டிருக்கலாமேண்ணே. போன வருஷம் இது கிடையாதே?"

"போன வருஷம் எவனோ ஒருத்தன் சார், ஏழாவதுலயே பின்னாடி டர்ருனு கிழிஞ்சு, ஃபைலால மறைச்சுக்கிட்டு ஓடிட்டான். பேரு ஞாபகமில்ல, மூஞ்சிய யாரு பாத்தா? அன்னைக்கே பெரிய டாக்டர் இந்த அங்கியை வாங்கிப் போட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கழட்டிக் குடுங்க, பத்தாம் நம்பர் நிக்கிறாரு."